ஐந்தரை வயது மகளுக்கு வேதாகமப் பாடமும் ஓவியப் பாடமும்: எதை எடுப்பது?

மழைத்துளி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஐந்தரை வயது. வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். வாசிப்பும் கணக்கும் ஒரு வழிக்கு வந்துவிட்டன. வேதாகமத்துக்கும் ஓவியத்துக்கும் எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் இரண்டு மாதமாகத் தடுமாறிக்கொண்டிருக்கிறேன்.

வேதாகமத்துக்கு ஒரு பாடத்திட்டம் வாங்கினேன். 36 வாரம், வாரத்துக்கு ஐந்து பாடம். ஒவ்வொரு பாடத்திலும் ஒரு கதை, ஒரு மனப்பாட வசனம், ஒரு கேள்வித்தாள், வண்ணம் தீட்ட ஒரு படம். ஆறு வாரம் ஒழுங்காகப் போனது. இப்போது அந்தப் புத்தகத்தை எடுத்தாலே மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

போன வாரம் நோவா கதை, பெருவெள்ளத்துக்குத் தப்பப் பேழை என்ற பெரிய கப்பலைக் கட்டியவர். வாசித்து முடித்து, "நோவா ஏன் பேழையைக் கட்டினார்?" என்று புத்தகத்தில் இருந்தபடியே கேட்டேன். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் "கீழ்ப்படிந்ததால்" என்றாள். விடை சரிதான். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு கதைகளுக்கும் அவள் சொன்னது அதே விடைதான். எனக்கு மனசு கனத்துப் போய்விட்டது.

ஓவியத்துக்கு இன்னும் எதுவும் தொடங்கவில்லை. எனக்கு வரையவே வராது. கதையையும் கைவேலையையும் சேர்த்துத் தரும் திட்டங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றை எடுத்தால் இரண்டு வேலையும் முடியும் என்று ஒரு எண்ணம். இரண்டையும் சேர்ப்பது நல்லதா, தனித்தனியாக வைப்பது நல்லதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஞாயிறுபள்ளி அக்கா

சகோதரி, முதலில் ஒன்று. மேசைக்கு அடியில் போய் உட்கார்வது வேதாகமம் பிடிக்காததால் அல்ல. கதை முடிந்ததும் பரீட்சை வரும் என்று தெரிந்துகொண்ட பிள்ளை அப்படித்தான் ஒளியும். 22 வருடமாக ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறேன், இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாடத்திட்டம் வாங்குமுன் நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் பாடத்தைப் பார்க்கவே மாட்டேன். படைப்பின் கதையை யாரும் அழகாகத்தான் எழுதுவார்கள். நேராக மூன்று இடத்துக்குப் போவேன். ஆதியாகமம் 22, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட மலைக்கு அழைத்துப் போவது. 1 சாமுவேல் 17, தாவீதும் கோலியாத்தும். பிறகு சிலுவை. ஐந்து வயதுக்கு ஈசாக்கின் கதையை வைத்திருக்கிறார்களா, வைத்தால் எப்படிச் சொல்கிறார்கள், விட்டிருந்தால் ஏன் விட்டோம் என்று பெற்றோருக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார்களா? தாவீது கதை "நீயும் தைரியமாக இரு" என்று முடிகிறதா? முடிந்தால் கொஞ்சம் யோசிப்பேன். தாவீது அந்த அதிகாரத்தில் தன் தைரியத்தை நம்பிப் பேசவில்லை; "யுத்தம் கர்த்தருடையது" என்கிறான். வேதாகமக் கதையை நல்லொழுக்கப் பாடமாகச் சுருக்கினால், எல்லாக் கதைக்கும் "கீழ்ப்படிய வேண்டும்" என்ற ஒரே விடைதான் மிஞ்சும். உங்கள் மகளுக்கு நடந்தது அதுவே. குற்றம் அவளுடையது அல்ல, கேள்வியுடையது.

இன்னொரு சோதனையும் உண்டு. குழந்தை இயேசுவைப் பார்க்கச் சாஸ்திரிகள் வந்த கதையை எடுத்துப் பாருங்கள். மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் எத்தனை பேர் என்றே சொல்லவில்லை. ராஜாக்கள் என்றும் இல்லை. அவர்கள் வந்து சேர்ந்த இடம் ஒரு வீடு. ஆதியாகமம் மூன்றில் ஆப்பிள் கிடையாது, வெறும் கனிதான். இதெல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இங்கே கவனமாக இருப்பவர்கள் மற்ற இடத்திலும் மூலத்தைத் திறந்து பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

36 வாரம், 180 பாடம் இந்த வயதுக்கு அதிகம். வருடத்துக்கு முப்பது கதை போதும். ஒரே கதையை ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்: திங்களன்று நீங்கள் சொல்லுங்கள், புதனன்று வேதாகமத்திலிருந்தே வாசியுங்கள், வெள்ளியன்று அவள் சொல்லட்டும். கேள்வித்தாளைத் தூக்கி வைத்துவிடுங்கள். பேழையின் அளவு 300 முழம் நீளம், 50 முழம் அகலம், 30 முழம் உயரம். முழத்துக்கு 45 சென்டிமீட்டர் வைத்தால் நீளம் மட்டும் 135 மீட்டர். அவளை வெளியே கூட்டிப் போய் 135 மீட்டர் நடந்து காட்டுங்கள். அந்த முனையில் போய் நின்றதும் அவளே ஏதாவது கேட்பாள்.

மூன்று பிள்ளை அம்மா

அக்கா சொல்வது எல்லாம் சரி. ஆனால் தயாராக இருக்கும் பாடத்திட்டத்துக்கு ஆதரவாகவும் யாராவது பேச வேண்டும், நான் பேசுகிறேன்.

மூன்றாவது குழந்தை பிறந்தபோது மூத்தவனுக்கு ஆறு, அடுத்தவனுக்கு நான்கு. இரவில் தூக்கமே இல்லை. காலையில் "இன்று என்ன கதை சொல்வது" என்று யோசிக்கக்கூடத் தெம்பு இருக்காது. அந்த ஒரு வருடம் எங்கள் வீட்டில் வேதாகமம் நின்று போகாமல் இருந்ததற்குக் காரணம், திறந்த பக்கத்தை அப்படியே வாசிக்கலாம் என்கிற ஒரு புத்தகம். அதில் குறை இருந்தது. இருந்தாலும் நடந்தது.

நான் கற்றுக்கொண்டது: பாடத்திட்டம் நமக்கு உதவ வந்தது, நாம் அதற்கு வேலை செய்ய வரவில்லை. ஐந்து பாடம் போட்டிருந்தால் மூன்று செய்யுங்கள். கேள்வித்தாள் ஒத்துவரவில்லையா, கிழித்துப் பின்பக்கத்தில் படம் வரையக் கொடுங்கள். காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்று முழுதாக முடிக்க நினைப்பதுதான் நம்மைக் களைப்பாக்குகிறது. மழைத்துளி, புத்தகத்தை வீசிவிடாதீர்கள். கதை வரிசையை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை ஒன்று கையில் இருப்பது பெரிய நிம்மதி.

கரித்துண்டு

குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லித் தருவது என் தொழில். அந்தப் பக்கத்தை நான் பேசுகிறேன்.

முதலில், "எனக்கு வரையவே வராது" என்றீர்களே, அது இந்த வயதுக்கு நல்லதே. வரையத் தெரிந்த பெற்றோர் குழந்தையின் தாளில் கை வைத்துத் திருத்துவார்கள். உங்களுக்கு அந்த ஆசை வராது.

விக்டர் லோவன்ஃபெல்ட் என்பவர் 1947இல் குழந்தை ஓவியத்தைப் பருவம் பருவமாகப் பிரித்து எழுதினார். இரண்டிலிருந்து நான்கு வயது வரை கிறுக்கல். நான்கிலிருந்து ஏழு வரை, பெரிய தலை, தலையிலிருந்தே நீளும் கை கால், தாள் முழுக்க மிதக்கும் பொருட்கள். ஏழுக்கு மேல்தான் தாளின் அடியில் தரைக்கோடு ஒன்று வந்து எல்லாம் அதன் மேல் நிற்கத் தொடங்கும். வயது முன்பின் ஆகலாம், வரிசை பெரும்பாலும் இதுதான். சிங்கக் குகையில் போடப்பட்ட தானியேலின் கதைக்கு ஐந்தரை வயதுக் குழந்தை சிங்கத்துக்கு மனித முகம் போட்டு, தானியேலை அதைவிடப் பெரிதாக வரைந்தால் அது தவறு அல்ல. அவளுக்கு முக்கியமானது பெரிதாக வருகிறது. அதைத் திருத்தாதீர்கள்.

அதனால் இந்த வயதில் "இப்படி ஒரு வட்டம், இங்கே ஒரு முக்கோணம்" என்று படிப்படியாக வரையச் சொல்லித்தரும் பாடத்திட்டத்தை நான் பரிந்துரைப்பதில்லை. பத்துக் குழந்தைகள் செய்தாலும் பத்தும் ஒரே ஆந்தையாக வரும். வெட்டி ஒட்டும் கைவேலையும் அப்படித்தான்: பேப்பர் தட்டில் பஞ்சு ஒட்டிய ஆடு. அதில் முக்கால்வாசி வேலை அம்மாவுடையது. கத்தரிக்கோல் பிடிக்கப் பழகும், அது நல்லது, ஆனால் அதற்கு ஓவியம் என்று பெயர் வைக்க வேண்டாம்.

காசைப் பாடத்திட்டத்தில் போடாமல் பொருளில் போடுங்கள். வாட்டர் கலருக்கு 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாத தாள். பிரிண்டரில் போடும் 75, 80 ஜிஎஸ்எம் தாள் ஈரம் பட்டதும் சுருண்டு குழியும், குழந்தை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். பிரஷ் தடிமனாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று. வண்ணம் சிவப்பு, மஞ்சள், நீலம் மட்டும். முதல் வாரம் ஒரே ஒரு வண்ணம் கொடுங்கள், நீலம் என்று வையுங்கள். தண்ணீர் கூடக் கூட எத்தனை நீலம் வருகிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும். இரண்டாம் வாரம் மஞ்சளைச் சேர்த்துக் கொடுங்கள். தாளில் தானாகப் பச்சை பிறப்பதைப் பார்க்கும் குழந்தையின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால், பிறகு வண்ணக் கலவை அட்டவணையைக் காட்டிப் பாடம் நடத்த உங்களுக்கு மனசு வராது.

கிரேயானை உடைத்துக் கொடுங்கள். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் துண்டை முஷ்டியால் பிடிக்க முடியாது, விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும். எழுதும் கைக்கு அது நல்ல பயிற்சி.

வரைவது இருக்கட்டும், பார்ப்பதும் ஓவியப் பாடம்தான். வீட்டுக்கல்வி செய்பவர்கள் அடிக்கடி சொல்லும் சார்லட் மேசன் (1842–1923) காட்டிய வழி இது: ஒரு பருவத்துக்கு ஒரே ஓவியர், ஆறு படம். ஒரு படத்தைக் கண்ணை மூடினாலும் தெரியும் அளவுக்குப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்ன இருந்தது என்று அவளைச் சொல்லச் சொல்லுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. ஓவியர் பிறந்த வருடம், ஓவிய மரபின் பெயர் எதுவும் இப்போது வேண்டாம்.

உங்களுக்கு இரண்டு பாடமும் சேர வேண்டும் என்றால் சேரும் இடம் இதுதான். பீட்டர் ப்ரூகல் 1566இல் வரைந்த பெத்லகேம் குடிமதிப்பு (மக்கள் கணக்கெடுப்பு) படத்தைத் தேடி எடுங்கள். ஊரெல்லாம் பனி, குழந்தைகள் உறைந்த தண்ணீரில் சறுக்கி விளையாடுகிறார்கள், வரி கட்ட ஒரு கூட்டம். மரியாளும் யோசேப்பும் எங்கே? தேட வேண்டும். ஒரு கழுதை, முன்னால் தோளில் ரம்பத்தோடு ஒருவர். யாரும் அவர்களைக் கவனிக்கவில்லை. "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தது" என்ற வசனத்தை நீங்கள் விளக்கவே வேண்டாம்.

மூன்று பிள்ளை அம்மா

கரித்துண்டு, பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். வண்ணம் தீட்டும் படங்கள் வேண்டவே வேண்டாம் என்ற தொனி உங்கள் பதிவில் தெரிகிறது. என் இரண்டாவது மகனுக்குச் சும்மா உட்கார்ந்து கேட்க வராது. கையில் ஒரு படமும் நாலு கிரேயானும் இருந்தால் ஒரு அதிகாரம் முழுக்கக் கேட்பான், பிறகு ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வான். அந்தப் படத்தைப் பிடுங்கினால் கதையும் போய்விடும்.

கரித்துண்டு

நீங்கள் சொல்வது நியாயம், என் தொனியை மாற்றிக்கொள்கிறேன். கதை கேட்கும்போது கைக்கு வேலையாக அந்தப் படம் இருக்கட்டும். ஓவிய நேரத்தில் மட்டும் வெற்றுத் தாள் கொடுங்கள். இரண்டும் வேறு வேறு நேரம் என்றால் எனக்குச் சண்டையே இல்லை. முடிந்தால் கோட்டுக்கு உள்ளேதான் தீட்ட வேண்டும் என்ற சட்டத்தையும் எடுத்துவிடுங்கள்.

அகல்விளக்கு

நான் கத்தோலிக்கன், இரண்டு பெண்களின் அப்பா. இந்த இழையில் ஒரு விஷயம் விடுபட்டுவிட்டது, சொல்கிறேன். எந்தத் திட்டத்தை வாங்குமுன்பும் அது எந்தத் திருச்சபை மரபில் எழுதப்பட்டது என்று பாருங்கள். எங்கள் விவிலியத்தில் 73 நூல்கள், சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் 66. அந்தக் கூடுதல் நூல்களில் ஒன்றான தோபித்தின் கதையை என் மகள்களுக்குச் சொல்லித்தர நான் ஆசைப்பட்டேன். வாங்கிய திட்டத்தில் அந்த நூலே கிடையாது. திருமுழுக்கு, நற்கருணை பற்றிய பாடங்களில் வேறுபாடு இன்னும் பெரிது. முன்னுரையில் எழுதாவிட்டாலும் அந்தப் பாடங்களைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

எங்களுக்கு ஒத்துவந்தது நல்லாயன் மறைக்கல்வி. 1954இல் உரோமையில் சோஃபியா கவலெத்தி என்ற விவிலிய அறிஞரும் ஜியான்னா கோபி என்ற மாண்டிசோரி ஆசிரியரும் தொடங்கியது. மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு நிலை. புத்தகம் கிடையாது. மரத்தில் செய்த ஆயன், பத்து ஆடு, ஒரு சின்னப் பட்டி. இயேசு தன்னை நல்ல ஆயன் என்று சொல்லும் யோவான் பத்தாம் அதிகாரத்தை மெதுவாக வாசித்து, ஆட்டை நகர்த்தி, பிறகு பெரியவர் பேச்சை நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவதுதான் கடினம்! முதல் மாதம் முழுக்க நான் "அப்படியென்றால் என்ன அர்த்தம் தெரியுமா" என்று வாயைத் திறந்துகொண்டே இருந்தேன்.

அந்த வழியிலிருந்து வளர்ந்த காட்லி ப்ளே என்ற முறையில் ஜெரோம் பெரிமன் வைத்த கேள்விகளும் நல்லவை. இந்தக் கதையில் உனக்கு எது ரொம்பப் பிடித்தது? எது ரொம்ப முக்கியம்? நீ இந்தக் கதையில் எங்கே இருக்கிறாய்? எதையாவது எடுத்துவிட்டாலும் கதை முழுதாக இருக்குமா? நான்குக்கும் சரி, தப்பு கிடையாது. மழைத்துளி, அந்தக் கேள்வித்தாளுக்குப் பதில் இவற்றில் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். மரப் பொம்மை வாங்க வேண்டாம், அட்டையில் வெட்டிய ஆடு போதும்.

ஞாயிறுபள்ளி அக்கா

தம்பி, உங்கள் பதிவைப் பார்த்ததும் மொழிபெயர்ப்பு பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. 23ஆம் சங்கீதம் எங்கள் வேதாகமத்தில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." உங்கள் திருவிவிலியத்தில் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை." ஐந்து வயதுக்கு இரண்டாவது உடனே புரியும். முதலாவது புரியாது, ஆனால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். நான் மனப்பாடத்துக்குச் சபையில் வாசிக்கும் மொழிபெயர்ப்பையே கொடுப்பேன். பாட்டி ஜெபத்தில் சொல்வதும் பிள்ளை சொல்வதும் ஒன்றாக இருக்கட்டும் என்று. கதை சொல்லும்போது வீட்டுப் பேச்சுத் தமிழ். இரண்டையும் ஒரே நேரத்தில் கலந்தால்தான் குழப்பம்.

வசனமும் வாரத்துக்கு ஒன்று வேண்டாம். மாதத்துக்கு ஒன்று, அதுவும் சேர்ந்து சொல்லி. ஸ்டிக்கர் பரிசு எதுவும் வேண்டாம்.

மேற்குச் சாளரம்

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் விக்கிரகம் செய்யாதே என்ற கட்டளையை (யாத்திராகமம் 20:4) முன்னிட்டு இயேசுவின் உருவத்தையும் வரைவதில்லை. ஓவியமும் வேதாகமமும் சேரும் எந்தத் திட்டத்தைத் திறந்தாலும் பக்கத்துக்குப் பக்கம் அதுதான். அப்படியானால் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது? மகனுக்கு வரைவதென்றால் உயிர்.

ஞாயிறுபள்ளி அக்கா

கேட்டது நல்லது. கிறிஸ்தவக் குடும்பங்கள் இதில் ஒரே மாதிரி நினைப்பதில்லை. திட்டம் வாங்குமுன் கணவனும் மனைவியும் பேசி முடிவெடுத்துவிட வேண்டிய விஷயம். பாதி வருடம் ஓடிய பிறகு பிள்ளை கையிலிருந்து படத்தை வாங்கி வைத்தால் அவனுக்கு வலிக்கும்.

உங்கள் மகனுக்கு அதே யாத்திராகமத்திலேயே இடம் இருக்கிறது. 31ஆம் அதிகாரத்தில் தேவன் பெசலெயேல் என்பவனைப் பேர்சொல்லி அழைத்து, தேவ ஆவியினால் நிரப்புகிறார். எதற்கு? பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்யவும், கல் பதிக்கவும், மரத்தில் சித்திர வேலை செய்யவும். உதவிக்கு அகோலியாப். விக்கிரகம் செய்யாதே என்று சொன்ன அதே மலையில் கலைஞனைத் தேவன் பேர்சொல்லிக் கூப்பிடுகிறார். இதை ஞாயிறு பள்ளியில் சொன்னபோது வரைவதில் ஆர்வமுள்ள பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் மறக்கவே இல்லை.

28ஆம் அதிகாரத்தில் ஆசாரியனான ஆரோனின் அங்கியின் கீழ் ஓரம்: ஒரு பொன்மணி, ஒரு மாதளம்பழம், மறுபடி ஒரு பொன்மணி, ஒரு மாதளம்பழம். பழத்துக்கு இளநீலம், இரத்தாம்பரம் (ஊதா), சிவப்பு நூல். நீளமான ஒரு தாளை வெட்டி அந்த ஓரத்தை அவன் வரையட்டும். மாறி மாறி வருவதால் அது கணக்குப் பாடமும் ஆகும்.

கரித்துண்டு

அக்காவின் யோசனை அருமை, நானும் எடுத்துக்கொள்கிறேன். கூடவே ஒன்று: ஹென்றி ஒசாவா டேனர் 1898இல் வரைந்த மங்கள வார்த்தை (இயேசுவின் பிறப்பைத் தூதன் மரியாளுக்கு அறிவிப்பது) படத்தில் காபிரியேல் தூதனுக்கு முகமும் இல்லை, சிறகும் இல்லை. நிமிர்ந்து நிற்கும் ஓர் ஒளிக்கோடு மட்டும். மரியாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறாள். தெரியாததை எப்படி வரைவது என்று குழந்தையோடு பேச இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைத்ததில்லை. உங்கள் வீட்டு வழக்கத்துக்கு ஒத்துவருமா என்று நீங்கள் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைத்துளி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

செய்தது இவ்வளவுதான். பழைய புத்தகத்திலிருந்து கதை வரிசையை மட்டும் எடுத்து, பன்னிரண்டு கதைகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். வாரத்துக்கு ஒரு கதை. ஓவியத்துக்குச் செவ்வாயும் வியாழனும், வெற்றுத் தாள். வெள்ளி காலையில் ப்ரூகல் படம். முதல் வாரம் நீலம் மட்டும் கொடுத்தேன். கரித்துண்டு சொன்னது போலவே, இரண்டாம் வாரம் பச்சை வந்ததும் "நான் செய்யல, அதுவே வந்துச்சு" என்று கத்தினாள்.

135 மீட்டரும் நடந்தோம். அந்த முனைக்குப் போனதும் திரும்பிப் பார்த்து, "இவ்வளவு பெருசா இருந்துச்சுன்னா மத்தவங்களுக்கும் இடம் இருந்திருக்குமே" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "ஆமாம், நானும் அதைத்தான் யோசிக்கிறேன்" என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தோம்.

இந்த வாரம் லூக்கா 15, காணாமற்போன ஆடு: நூறு ஆட்டில் ஒன்று தொலைய, மற்ற 99ஐ விட்டு அதைத் தேடிப் போகும் மேய்ப்பன் கதை. அகல்விளக்கு அண்ணன் சொன்னபடி அட்டை ஆடுகளை நகர்த்திச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து, "அந்த 99 ஆட்டை யாரு பார்த்துக்கிட்டா?" என்றாள். "வனாந்தரத்திலே விட்டு" என்றுதான் இருக்கிறது என்று வேதாகமத்தைத் திறந்து காட்டினேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

வியாழன் ஓவிய நேரத்தில் அவளாகவே ஆடு வரையத் தொடங்கினாள். ஆடு என்றால் கறுப்பு கிரேயானில் ஒரு சின்ன வட்டமும் நாலு கோடும். பத்துப் பத்தாக எண்ணி வரைந்தாள். நாற்பதில் கை வலிக்கிறது என்று வைத்துவிட்டு, மறுநாள் நான் சொல்லாமலே எடுத்து உட்கார்ந்து முடித்தாள். சுற்றி ஒரு வேலி, அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு நாய். நான் எண்ணிப் பார்த்தேன், 99. "அந்த ஒரு ஆடு எங்கே?" என்று கேட்டேன். தாளைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளைப் பக்கத்தின் மூலையில் ஒன்றே ஒன்று, அதுவும் சிவப்பில். பிறகு தாளை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, "இப்படிப் பிடிச்சா தெரியும்மா" என்றாள். வெளிச்சத்தில் தெரிந்தது, வேலிக்கு வெளியே.

கரித்துண்டு

அந்தத் தாளில் தேதி எழுதி வையுங்கள், பென்சிலால். பின்பக்கம் எழுதுவதுதான் வழக்கம், ஆனால் அங்கே ஆடு இருக்கிறது. முன்பக்க ஓரத்தில் எழுதுங்கள்.

மழைத்துளி

எழுதிவிட்டேன். அடுத்த வாரம் யோனா. மீனுக்குள் எவ்வளவு இருட்டாக இருந்திருக்கும் என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டாள். கறுப்புத் தாளில் வெள்ளை கிரேயான் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.